பதினேழு உதிராது

நேற்று வடித்த சோறு இன்று காலையில் கையில் ஒட்டாமல் உதிரியாக இருந்தால் அது நல்ல அரிசி. இதைச் சொல்வதற்குப் படிப்பு வேண்டாம். எங்கள் ஆற்றங்கரையில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். நேற்று மாலை இங்கே காவலில் எனக்குக் கொடுத்த சோறு காலையில் களியாகிவிட்டது. குறை சொல்லவில்லை, ஐயா. சந்தை அரிசி அப்படித்தான்.

“நீ சொல்லு, எழுத்தர் எழுதிக்கொள்வார்” என்றீர்கள். நானே எழுதுகிறேன் என்று காகிதம் வாங்கிக்கொண்டேன். நாற்பத்தொன்பது வயதில் எழுத்துப் படித்தவன், கை மெதுவாகத்தான் போகும். ஆனால் இந்த விஷயமே என் எழுத்தைப் பற்றியது. அதனால் அதுவே வரட்டும்.

என் பெயர் நூஹூன் தியெந்தா. போஸோக்காரன், ஆற்று ஜனம். வெள்ளம் பரவும் சமவெளியில் உள்ள நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் முப்பத்தொரு வருஷம் கூலி வேலை. அதில் இருபத்திரண்டு வருஷம் குருவி விரட்டினேன். கதிர் பால்பிடிக்கும் காலத்தில், விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை தகரத்தைத் தட்டிக்கொண்டு கத்த வேண்டும். என் குரல் இப்படி இருப்பது அதனால்தான். புகையிலையால் அல்ல.

குளத்து நெல்லைப் பற்றிச் சொல்லாமல் மற்றது புரியாது. எங்கள் பக்கத்துக் குளங்களில் யாரும் விதைக்காமலே ஒரு நெல் முளைக்கும். மணியின் நுனியில் விரல் நீளத்துக்குச் செம்மயிர் இருக்கும். குத்தினால் நொறுங்காது. வடித்தால் குழையாது. ஒரு கைப்பிடி தின்றால் பாதி நாள் பசி எடுக்காது. ஒரே ஒரு கெட்ட குணம், பழுத்த உடனே உதிர்ந்து தண்ணீருக்குள் போய்விடும். அதனால் பஞ்ச காலத்தில் எங்கள் பெண்கள் பனி காய்வதற்கு முன்பே படகில் போய், கதிர்களின் ஊடே கூடையை வீசுவார்கள். ஈரம் இருக்கும்வரை மணி காம்பில் ஒட்டியிருக்கும், கூடை பட்டதும் கூடைக்குள் விழும். வெயில் ஏறிவிட்டால் நாம் விடும் மூச்சுக்கே உதிர்ந்துவிடும்.

பண்ணையின் பெரிய அதிகாரி மாதாம் ஹாவா. குளத்து நெல்லின் மகரந்தத்தை வயல் நெல்லோடு சேர்த்து, பிறந்த பிள்ளைகளுக்கு எண் போட்டு வரிசை வரிசையாக நட்டு, எதற்கு எந்தக் குணம் வந்திருக்கிறது என்று பார்ப்பார். சட்டியில் உதிர வேண்டும், செடியில் உதிரக் கூடாது. பன்னிரண்டு வருஷமாக அவர் தேடியது இவ்வளவுதான்.

ருசி பார்ப்பதற்கு ஒவ்வொரு வருஷமும் சொம்பாராவிலிருந்து எட்டுப் பெண்கள் வருவார்கள். சொம்பாரா, வெங்காயம் பயிரிடும் தோகோன் ஜனங்களின் ஊர். மலையை விட்டு இறங்கிச் சமவெளியில் நெல் விதைக்க வந்தவர்கள். அந்த எட்டுப் பேரில் யாசம்பாவின் நாக்கை மாதாம் அளவுகோலைப் போல நம்பினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு வெறுஞ்சோற்றைத் தின்பாள். பதினேழாம் எண்ணை முதன்முதலில் வாயில் போட்டபோது வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை.

“அடேய் மீன்தலையா, இதை நீயா குத்துன?” என்றாள்.

“நான்தான். ஏன், வெங்காய நாத்தம் வரலைன்னு வருத்தமா?”

“உன் கை பட்டும் நாறலையே, அதான் ஆச்சரியமா இருக்கு.” பிறகு மாதாமிடம் திரும்பினாள். “மாதாம், இதுக்குத் தொட்டுக்க ஒண்ணும் வேணாம். இதுல கொஞ்சம் மூடி வைங்க. காலைல பழசாத் தின்னு பார்க்கணும்.”

மறுநாள் தின்று பார்த்தாள். “விறைக்கல, குழையல. நான் செத்தாலும் இந்த ருசி நாக்குல நிக்கும்,” என்றாள். மாதாம் அதை எழுதிக்கொண்டார்.

யாசம்பாவின் புருஷன் அம்பெரே. நீங்கள் நேற்று விசாரித்தீர்களே, அவன்தான். என் வயது. எனக்குக் கேலி உறவு. ஐயா தெற்கத்திக்காரர், உங்கள் குலத்துக்கும் கேலி உறவுக்காரர்கள் இருப்பார்கள், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். தோகோனும் போஸோவும் அண்ணன் தம்பி வழி. ஒரு பஞ்சத்தில் அண்ணன் தன் தொடையை அறுத்து, சுட்டு, என்ன கறி என்று சொல்லாமல் தம்பிக்குத் தின்னக் கொடுத்தானாம். அண்ணன் வழி அவர்கள், தம்பி வழி நாங்கள். அதனால் ஒருவர் ரத்தத்தை ஒருவர் சிந்தக் கூடாது. பெண் கொடுத்து எடுக்கக் கூடாது. கேலி மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் செய்யலாம். அதற்குக் கோபப்படக் கூடாது. கோபப்பட்டவன்தான் தவறு செய்தவன்.

என் அப்பாவைப் புதைக்கத் தூக்கும் நேரத்தில் அம்பெரே வந்து பாடைக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டான்.

“ஒரு கூடை கருவாடு குடுத்தாத்தான் எழுந்திருப்பேன். இல்லேன்னா என்னையும் சேர்த்துப் புதைங்கடா. கிழவனுக்குப் பேச்சுத் துணை வேணும்ல?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வழக்கப்படி அவன் செய்தது சரி, அவன் வராமலிருந்தால்தான் அது அவமானம். ஆனால் அன்று நான் அழலாம் என்று இருந்தேன்.

பண்ணைக் கொட்டகையில் கூலிக்காரர்களுக்குப் பிரெஞ்சு எழுத்து வகுப்பு வைத்தவர் மாதாம். ஒன்பது மாதம் முடிவதற்குள் மற்றவர்கள் நின்றுவிட்டார்கள். நான் நிற்கவில்லை. படித்து முடித்ததும் தகரத்தை வாங்கிக்கொண்டு என் கையில் ஒரு நோட்டைக் கொடுத்தார்கள். வேலை சுலபம். கதிர் பழுக்கும் முன் ஒவ்வொரு எண்ணிலும் மெல்லிய துணிப்பை கட்ட வேண்டும். பழுத்த பிறகு பையின் அடியைத் தடவிப் பார்க்க வேண்டும். மணி தானாக விழுந்து கிடந்தால் ‘தோம்ப்’ என்று எழுத வேண்டும், விழுகிறது என்று பொருள். கதிரிலேயே இருந்தால் ‘தியேன்’, பிடித்து நிற்கிறது. பிரெஞ்சில் இரண்டு சொல்லும் ஒரே எழுத்தில் தொடங்கும். தே என்று அதன் பெயர். நட்ட கழியின் மேல் ஒரு குறுக்குக் கட்டை வைத்தாற்போல இருக்கும்.

அம்பெரே அந்த நோட்டைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுச் சந்தையில் எல்லோருக்கும் காட்டினான்.

“இருபத்திரண்டு வருஷம் குருவி விரட்டுனியேடா என் அடிமை, ஆசை தீரலையா? காகிதத்துலயும் வரிசையாக் கொல்லைப் பொம்மைக்குக் கழி நட்டு வெச்சிருக்கியே!”

மீன் விற்கிற பெண்கள்கூடச் சிரித்தார்கள். அதன் பிறகு இரண்டு ஊரிலும் எனக்குப் ‘பொம்மை’ என்று பெயர்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். வெயிலில் நின்று முழுச் சொல்லை எழுத என் கைக்கு நேரம் போதாது. அதனால் முதல் எழுத்தை மட்டும் போட்டுவிட்டு, மாலையில் நிழலில் உட்கார்ந்து மீதியை நினைவிலிருந்து எழுதுவேன். நாற்பது எண்கள். பதினேழில் பிசகிவிட்டது. விழுகிறது என்பதற்கு நிற்கிறது என்று எழுதிவிட்டேன். இதற்கு யார் வேண்டுமானாலும் என்னை மன்னிக்கலாம்.

அடுத்த வாரம் தலைநகரத்திலிருந்து பெரியவர்கள் வந்தார்கள். மாதாம் என் நோட்டை உரக்க வாசித்தார். “பதினேழு, நிற்கிறது” என்றதும் கை தட்டினார்கள். சோற்றுக்கும் செடிக்கும் ஒரே எண்ணாக அமைந்துவிட்டது அல்லவா? அவர் என்னை முன்னால் அழைத்து, “இவர் எழுதினா அது அப்படித்தான். இந்தப் பண்ணையோட கண்ணு இவர்தான்,” என்றார். அதற்குமுன் நாலு பேர் நடுவில் யாரும் என் பெயரைச் சிரிக்காமல் சொன்னதில்லை.

மறுநாள் காலை பைகளை அவிழ்த்தபோது பதினேழின் அடியில் ஒரு கை நிறைய நெல் கிடந்தது.

அன்றே போய்ச் சொல்லியிருக்கலாம். மாதாம் நல்ல மனுஷி, திட்டியிருக்க மாட்டார். நோட்டை மட்டும் வாங்கி வேறொருவரிடம் கொடுத்திருப்பார். தகரம் என்னிடம் திரும்பி வந்திருக்கும். அம்பெரேவுக்கு விஷயம் போக ஒரு சந்தை நாள் போதும். அவன் என்ன சொல்வான் என்றுகூட எனக்குத் தெரியும். பையை உதறி வேறு நெல்லோடு கலந்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

முதல் வருஷம் கை பிசகியது. அடுத்த இரண்டு வருஷமும் ‘நிற்கிறது’ என்றே எழுதினேன், கை பிசகவில்லை. இதைத்தான் கேட்டீர்கள், எழுதிவிட்டேன்.

மூன்றாம் வருஷம் சாலை கெட்டுவிட்டது. யார் கெடுத்தார்கள் என்பது இந்த வாக்குமூலத்தில் சேராது. மாதாமால் தலைநகரத்தை விட்டு வர முடியவில்லை. போனில் சொன்னார், பதினேழை அரை வயல் விதைத்து, விளைந்ததை முழுதும் சொம்பாராவுக்கு விதையாகக் கொடுக்கும்படி. நானும் என் மனைவியும் பனி காய்வதற்கு முன் கூடை வீசி அதை எடுத்தோம். பண்ணையில் அப்போது வேறு யாரும் இல்லை.

“பெரியவரே, அறுப்பு எப்படி?” என்று மாதாம் கேட்டார்.

“நல்லபடியா முடிஞ்சுது, மாதாம்.”

அது பொய் இல்லை. நல்லபடியாகத்தான் முடிந்தது.

அம்பெரே நாலு பேரோடு படகில் வந்து விதை மூட்டைகளை ஏற்றினான். யாசம்பா வாய் ஓயாமல் பதினேழைப் பற்றிச் சொல்லிச் சொல்லி ஊரே அதற்காகக் காத்திருந்ததாம். பழைய விதையில் பாதியாவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன்.

“எதுக்கு? இந்த மழையில பசி தாங்காம எல்லாத்தையும் குத்தித் தின்னாச்சு. பொம்மையே நோட்டுல எழுதியிருக்கு, உதிராதுன்னு. அப்புறம் என்ன?” என்றான். கேலியாகத்தான் சொன்னான். ஆனால் நம்பித்தான் சொன்னான். அவன் என்னை நம்பியது அது ஒரு தடவைதான்.

தலைநகரத்தில் உங்களுக்கு மேலே உள்ளவர்கள் கேட்பார்கள், ஏன் ஊரை எச்சரிக்கவில்லை என்று. எச்சரித்தேன், ஐயா. வெள்ளம் நிறைந்திருந்த காலத்தில் அம்பெரேயின் தம்பி மகள் கல்யாணத்துக்குச் சொம்பாராவுக்குப் போனேன். வழியெல்லாம் கதிர் பால்பிடித்து நின்றது. அப்படி ஒரு விளைச்சலை நான் பார்த்ததில்லை. அப்போதுகூட வழி இருந்தது. கதிர்களைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்துக் கட்டினால் பாதி மிஞ்சும். கூடை வீசத் தெரிந்தால் முக்கால் பங்கு வீடு வந்து சேரும். அதைக் கற்றுக்கொடுக்க ஒரு காலைப் பொழுது போதும். கல்யாணப் பந்தலில் எல்லோர் நடுவிலும் எழுந்து நின்றேன்.

“வெங்காயந்தின்னிகளே, கேட்டுக்குங்க! உங்க நெல்லு ஒரு மணி விடாம உதிரப்போகுது. போஸோக்காரன் கால்ல விழுந்து கூடை வீசக் கத்துக்குங்க. இல்லேன்னா நாக்கால தண்ணிய நக்கித்தான் பொறுக்கணும். பட்டினியில சாவீங்க, நான் வந்து பாடை பக்கத்துல படுத்துக்குவேன்!”

பந்தல் அதிர்ந்தது. யாசம்பா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அடேய், நம்ம அடிமைக்கு இன்னொரு துண்டு கறி போடுங்கடா,” என்றான் அம்பெரே. “தொடையாப் பார்த்துப் போடுங்க. அவனுக்குப் பழகின ருசி.”

நானும் சிரித்தேன். கறியையும் தின்றேன். உதிரும் என்று சொன்னேன், என்ன செய்யவேண்டும் என்று சொன்னேன், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்றும் சொன்னேன். மாதாமின் நோட்டில்கூட இவ்வளவு தெளிவாக இருக்காது. ஒரு தோகோனிடம் ஒரு போஸோ வேறு எப்படிச் சொல்வான்? வாயை இறுக்கிக்கொண்டு நேராகச் சொன்னால் அதுவே உறவை முறிப்பது போல. சிரிக்காமல் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்களா என்று நேற்றுக் கேட்டீர்கள். நம்பியிருப்பார்கள்.

வடகாற்று அந்த வருஷம் ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிட்டது. இரண்டு பகல் வீசியது. அறுப்புக்குப் போனவர்கள் அரிவாளோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள் என்று கேள்விப்பட்டேன். தாள் எல்லாம் நேராக நின்றதாம். கதிரில் ஒன்றும் இல்லை. மீன்கள் கொழுத்தன. அந்த மாதம் எங்கள் வலைக்கு வந்த மீனை அறுத்தால் வயிற்றில் நெல் இருந்தது.

பண்ணைக்குப் பின்னால் ஓடைக்கு அந்தப் பக்கம் நான் ஒரு துண்டு நிலத்தில் பதினேழு விதைத்திருந்தேன். காற்று வருவதற்கு ஆறு நாள் முன்பே அதைக் கூடையில் எடுத்துவிட்டோம். மண் குதிர் இரண்டும் நிறைந்தது. சாலை இல்லாததால் அந்த வருஷம் வெளி அரிசி எங்கள் பக்கம் வரவே இல்லை. எங்களுக்கு மீன் இருந்தது, பதினேழும் இருந்தது. யாசம்பாவின் நாக்கைக் குறை சொல்ல முடியாது. மறுநாள் காலையில் உண்மையிலேயே உதிரியாக இருந்தது.

கோடை நடுவில் அம்பெரே நடந்து வந்தான். வாசலில் உட்காரும்போது முழங்கால் இரண்டையும் கையால் மடக்கி உட்கார்ந்தான். அப்போதும் பேச்சு மாறவில்லை.

“டேய் பொம்மை, அன்னிக்கு எங்க ஆளு வெட்டிக் குடுத்தான்ல? இன்னிக்கு உன் முறை. எடு தொடைய.”

“என் தொடைல மீன் முள்ளுதான் இருக்கும். தொண்டைல மாட்டிச் செத்துட்டா யாசம்பாவுக்கு யாரு பதில் சொல்றது?” என்றேன்.

சிரித்தான். பல் எல்லாம் பெரிதாகத் தெரிந்தது. ஒரு கிண்ணம் சோறு கொடுத்தேன். அவன் அங்கே தின்னவில்லை, மேல்துணியில் கட்டி எடுத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு இரண்டு தடவை வந்தான், இரண்டு தடவையும் கொடுத்தேன். இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் தடவை நடந்ததை, இங்கே சுவருக்கு அந்தப் பக்கம் அவன் உங்களிடம் சொன்னபோதுதான் நான் கேட்டேன். முதல் இரண்டு கிண்ணமும் பிள்ளைகளுக்கே போய்விட்டதாம். மூன்றாவதில் ஒரு வாய் யாசம்பாவுக்கு ஊட்டியிருக்கிறான். அவள் பாயை விட்டு எழுந்து பல நாள் ஆகியிருந்தது. விழுங்காமல் கண்ணை மூடிக்கொண்டு வாயிலேயே வைத்திருந்தாளாம்.

“இது பதினேழு,” என்றாளாம்.

“பதினேழு தண்ணியோட போயிடுச்சும்மா. இது மீன்தலையன் வீட்டுச் சோறு.”

“அவன் வீட்டுது மட்டும் எப்படி உதிராம நின்னுச்சுன்னு கேளு.”

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் இல்லை. அவளைப் புதைத்த கையோடு அம்பெரே என் வீட்டுக்கு வந்தான். மண் குதிர்களைத் திறந்து பார்த்தான். கூரையில் செருகியிருந்த கூடைகளை இறக்கி, பின்னலில் மாட்டியிருந்த பதினேழின் செம்மயிரை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்தான். அவற்றைத்தான் நீங்கள் இப்போது ஒரு தாளில் மடித்து வைத்திருக்கிறீர்கள்.

சொம்பாராவில் செத்தவர்கள் பத்தொன்பது பேர். அதில் நாலு பேர் காய்ச்சலில் போனார்கள் என்று சிலர் சொல்கிறார்கள், வயிறு நிறைந்திருந்தால் அந்தக் காய்ச்சலைத் தாங்கியிருப்பார்கள். நீங்கள் கேட்டபடி ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் என்று தனித் தாளில் எழுதியிருக்கிறேன். பழக்கத்தில் முதலில் எல்லாப் பெயருக்கும் நேராகத் தே என்ற எழுத்தைப் போட்டுக்கொண்டே போய்விட்டேன். விழுந்தவர்களுக்கும் அதே எழுத்து, நிற்பவர்களுக்கும் அதே எழுத்து. பிறகு உட்கார்ந்து முழுச் சொல்லையும் எழுதினேன். இந்தத் தடவை ஒரு பிசகும் இல்லை. அம்பெரேவைக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

தெரிந்தேதான் எழுதினேன். தெரிந்தேதான் விதையைக் கொடுத்தேன். கூடை வீசத் தெரிந்தும் கற்றுக்கொடுக்கவில்லை. இதற்குக் கீழே என் கையெழுத்தைப் போடுகிறேன், பெருவிரல் ரேகை வேண்டாம்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. இன்று காலை தாழ்வாரத்தில் அவனை எனக்கு எதிரில் உட்கார வைத்திருந்தீர்கள். அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று நான்தான் ஆரம்பித்தேன்.

“என்னடா என் அடிமை, வெங்காயம் விளையலையா? இப்படி எளைச்சுப் போயிட்ட?”

அவன் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தான். மடியில் இருந்த கை நடுங்கியது. காவலர் அது பலவீனம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார். அது பலவீனம் இல்லை, கோபம். ஐம்பது வருஷமாக அதை எனக்குள் வைத்துப் பழகியவன், எனக்குத் தெரியும். கேலிக்குக் கோபப்படக் கூடாது. அவனுடைய முன்னோரும் என்னுடைய முன்னோரும் சேர்ந்து வைத்த வழக்கம் அது. இதையும் ஐயா தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். வழக்கப்படி பார்த்தால், இப்போது தவறு அவன் மேல்தான்.